நான் நேராக்கிய இறக்கை

கண்ணைக் கட்டிவிட்டு என் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்தால் அது தேக்கா, வேங்கையா, மத்தியா, பலாவா என்று சொல்லிவிடுவேன். எடையிலேயே பாதி தெரிந்துவிடும். மீதியை மோந்து பார்த்துச் சொல்வேன். ராமாபுரத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மைசூருக்கு வந்து மரக்கடையில் சிராய்த்தூள் கூட்டினேன். இன்று எங்கள் பகுதியில் எந்தத் தெருவில் நடந்தாலும் நான் செய்த வாசற்கதவு ஒன்றையாவது பார்க்காமல் நீங்கள் போக முடியாது. ஒன்றுகூட மழைக்காலத்தில் இறுகாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வேண்டுமானால் போய் இழுத்துப் பாருங்கள்.

அப்படிப்பட்டவன் கையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பலகையைக் கொடுத்தார். கை காலியாக இருப்பது போலவே இருந்தது. கொடுத்தாரா இல்லையா என்று குனிந்து பார்த்தேன்.

"இது மரமாங்க?"

"மரம்தான் மேஸ்திரி. பால்சா."

நகத்தால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை. எடையும் இல்லை, வாசனையும் இல்லை, இதைப் போய் மரம் என்கிறாரே என்று எனக்கு அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம், இதை எழுதும் இந்த நிமிஷம் வரை முழுசாகத் தீரவில்லை.

அவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், தனியாக இருந்தார். ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானம் ஒன்றைச் செய்ய, இந்தப் பலகைகளும் வரைபடமும் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். உடம்புப் பகுதியைப் பாதி கட்டியபோது கை நடுக்கம் வந்துவிட்டது. காபி டம்ளரையே இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். பிளேடு பிடித்து மரம் வெட்ட முடியாது.

"இது அந்தக் காலத்து மாடல் மேஸ்திரி. மெதுவா போகும். ஓட்டுறவன் தப்பு பண்ணினாலும் மன்னிச்சுடும். என் கைக்கு இதுதான் சரி. அடுத்த மாசம் பொண்ணு என்னை மெட்ராசுக்குக் கூப்பிட்டுக்கறா. பதினோராவது மாடி. அங்கே எங்கே பறக்க விடறது? போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இதை விட்டுப் பாத்துடணும், அல்லவா?"

"ஒரு தடவை என்னங்க, ஒம்பது தடவை விடலாமுங்க. தேருக்குச் சக்கரம் மாட்டினவன் நானு. இதெல்லாம் எனக்கு ஒரு வேலைங்களா?"

சொல்லிவிட்டேன். நான் சொன்ன நாளில் வேலையைக் கொடுக்காமல் இருந்ததே இல்லை.

பெட்டி என் பட்டறைக்கு வந்தது. என் உளியைப் பார்த்தாலே அந்த மரம் நொறுங்கியது. இழைப்புளியை ஒரு தடவை தள்ளினேன், பலகையில் பாதியைக் காணோம். கடைசியில் முகம் மழிக்கிற பிளேடுதான் கருவி என்றாயிற்று. மீன் வடிவத்தில் விலா எலும்பு போலச் சின்னச் சின்னத் துண்டுகள், ஒன்று போல ஒன்று, வெட்டி வெட்டி மேசையில் பரப்பினேன். என் வீட்டுக்காரி டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, கதவு செய்யற மனுசன் அப்பளம் காயப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க?"

"அப்பளம் இல்ல புள்ள, ஏரோப்ளேன்."

"ஊதாம இருங்க. டீ வெச்சிருக்கறேன், அந்த ஆவிக்கே பறந்துரும் போலிருக்குது."

வரைபடத்தை மேசையில் விரித்து, அதன் மேலேயே துண்டுகளைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி ஒட்ட வேண்டும். இது எனக்குப் பிடித்திருந்தது. கோடு இருக்கிற இடத்தில் மரம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எண் தெரியும், அங்குலம் தெரியும், கோடு தெரியும். அது போதும் என்றுதான் நாற்பது வருஷம் ஓட்டினேன்.

உடம்புப் பகுதியை முடித்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன். மோட்டாரையும் ரேடியோ சாமானையும் அவரே மெதுவாகப் பொருத்திக்கொள்வதாகச் சொன்னார். இறக்கை என்னிடம் இருந்தது. அங்கேதான் சிக்கல்.

முன்னால் இருந்து பார்க்கிற மாதிரி வரைந்த ஒரு படத்தில், இறக்கை நடுவில் மடிந்து, இரண்டு நுனியும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நுனிக்குக் கீழே மூன்று அங்குலம் என்று எண் போட்டிருந்தது. பெட்டிக்குள் நடுவில் வைத்து ஒட்ட ஒரு பிளைவுட் துண்டும் இருந்தது. அதுவும் நடுவில் வளைந்திருந்தது. நான் யோசித்தேன். பெட்டி எத்தனை வருஷம் பரணில் கிடந்ததோ, பிளைவுட் முறுக்கிக்கொண்டிருக்கும். என் பட்டறையில் முறுக்கின பிளைவுட் வந்தால் வண்டியை விட்டு இறக்கவே விடமாட்டேன். படம் மட்டும் ஏன் வளைந்திருக்கிறது? பறவை மாதிரி தெரிய வேண்டும் என்று யாரோ அழகுக்குப் போட்டிருப்பான். மூன்று அங்குலம்? எதற்கென்று தெரியவில்லை.

கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே அட்டைப் பெட்டிகளாக அடுக்கியிருந்தது. போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்தினார்.

"என்ன மேஸ்திரி, ஏதாவது சந்தேகமா?"

சந்தேகமா என்று கேட்டுவிட்டாரே! எனக்கா?

"சும்மா பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

"படத்துல இருக்கிறபடி செஞ்சுட்டீங்கன்னா போதும்."

"அதைவிட நல்லாவே செஞ்சு தாரனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வளைந்த பிளைவுட்டைக் குப்பையில் வீசினேன். நேரான துண்டு ஒன்றை அறுத்து நடுவில் வைத்து ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நீர்க்குமிழி நட்ட நடுவில் நின்றது. மேலே மெல்லிய காகிதம் ஒட்டித் தண்ணீர் தெளித்தேன். காய்ந்ததும் மத்தளத் தோல் மாதிரி இழுத்துக்கொண்டது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

முடிகிற வரை அவருக்கு அதைக் காட்டவில்லை. பாதி வேலையை வேலை கொடுத்தவருக்குக் காட்டக் கூடாது என்பது என் பட்டறைச் சட்டம். பாதிக் கதவைப் பார்த்தவன் சும்மா போகமாட்டான், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மூக்கை நுழைப்பான்.

அவருக்குத் திங்கட்கிழமை காலையில் ரயில். மகள் டிக்கெட் அனுப்பிவிட்டாள். ஞாயிறு காலையில் என் காரில் இருவரும் ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற வழியில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் நிலத்துக்குப் போனோம். நெல் அறுத்து வெறும் தாள் நின்றது. காற்று எழும்பவில்லை. பின் சீட்டில் துணி சுற்றிப் படுக்க வைத்திருந்த இறக்கையை எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு நுனியைக் கண்ணருகே வைத்து மறுநுனி வரை பார்வையை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேரா இருக்கே, மேஸ்திரி."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "என் கையில கோணலுங்கற பேச்சே கிடையாதுங்க. மட்டம் வெச்சுப் பாத்தனுங்க, நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"ஹௌதா..." என்றார், அப்படியா என்பதைக் கன்னடத்தில். அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இறக்கையை உடம்பின் மேல் வைத்து ரப்பர் வளையம் போட்டு மாட்டினோம். அவர் கழுத்தில் ரேடியோப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டார். இரண்டு கட்டை விரலும் அதிலிருந்த குச்சிகளின் மேல் ஆடிக்கொண்டே இருந்தன.

"சரி, விட்டுப் பாக்கலாம்" என்றார்.

நான் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து, நாலடி ஓடி, விட்டேன். போயிற்று ஐயா! நான் செய்த பொருள் ஒன்று என் கையை விட்டு மேலே போனது அன்றைக்குத்தான். தென்னை உயரத்துக்கு ஏறியது. அவர் திருப்பினார். மூக்கு மட்டும் திரும்பியது, விமானம் திரும்பவில்லை. செக்கு மாடு முரண்டு பிடிக்கிற மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. மறுபக்கம் திருப்பினார். அப்படியே. சின்னக் காற்று ஒன்று வந்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டது, அது நிமிரவே இல்லை. அவர் மோட்டாரை நிறுத்தினார். சாய்ந்தபடியே இறங்கி, நெல் தாளில் உரசி, குப்புற விழுந்தது. மூக்கில் சுற்றுகிற காத்தாடி உடைந்தது, மற்றதெல்லாம் தப்பித்தது.

"என்னுங்க ஆச்சு? ரேடியோ கெட்டுப் போச்சுங்களா?"

அவர் வரப்பில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நடுவுல வைக்க வளைஞ்ச பிளைவுட் ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துதுங்க. முறுக்கிப் போயிருந்துச்சு. வீசிட்டு நல்லதா போட்டேன்."

"அது முறுக்கினது இல்ல மேஸ்திரி. அப்படித்தான் இருக்கணும். எறக்கை ரெண்டும் மேல தூக்கி நிக்கணும். இதுல திரும்பறதுக்கு வால் மட்டும்தான். வால் மூக்கைத் திருப்பும். அப்போ ஒரு பக்கத்து எறக்கை காத்தை அதிகமா வாங்கி எந்திரிக்கும். விமானம் சாயும். சாஞ்சாத்தான் திரும்பும்."

"சாஞ்சா விழாதுங்களா?"

"அந்தத் தூக்கல் இருந்தா, சாஞ்சது தானா நிமிந்துக்கும். தூக்கல் இல்லேன்னாத்தான் விழும்."

"அப்ப நேரா இருந்தா கோணலாப் போவுது, கோணலா இருந்தா நேராப் போவுதுங்கறீங்க."

"கிட்டத்தட்ட அதேதான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோணலாக நிற்கிற நிலைச்சட்டத்தில் எந்தக் கதவு சரியாகச் சாத்தும்? கேட்டதில் ஒன்று மட்டும் பிடிபட்டது. இவருக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும்.

"எறக்கையைப் பாத்தப்பவே தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏனுங்க சொல்லலை?"

"என்ன சொல்றது? நீங்க அவ்வளவு தைரியமா பேசினீங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இத்தனை வருஷமா விமானம் விடற நாங்கதான் தப்பா வளைச்சுட்டிருந்தோமோன்னு."

அவர் கிண்டல் செய்கிறாரா, உண்மையாகத்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வாய் மூடியிருக்கிறார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு அந்த வரப்பில் நிற்கும்போது அது பெருமையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"நாளைக்கு ரயிலுங்க" என்றேன், அவருக்குத் தெரியாதது போல.

"ஆமா."

"ஏந்திரிங்க. சாயங்காலம் மறுபடி வர்றோம்."

பட்டறைக்கு வந்தோம். சட்டத்தை மீறி அவரை என் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார வைத்தேன். இறக்கையை மேசையில் வைத்துக் குட்டி ரம்பத்தை நடுவில் வைத்தேன். கை போகவில்லை. தப்பாகச் செய்ததை அறுத்திருக்கிறேன், எத்தனையோ தடவை. மட்டத்தில் நிற்கிறதைக் கோணலாக்குவதற்கு அறுத்ததே இல்லை. என் வீட்டுக்காரி கதவருகே வந்து பார்த்தாள்.  மேசையோரத்து டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறுத்தேன். காகிதம் கிழிகிற சத்தம் மரம் அறுபடுகிற சத்தத்தைவிட அதிகமாக இருந்தது.

"ஒரு பாதியை மேசையில படுக்க வைங்க" என்றார். "அடுத்த பாதியோட நுனியை ஆறு அங்குலம் தூக்குங்க."

"படத்துல மூணுன்னுதானுங்க போட்டிருக்குது?"

"ரெண்டு பக்கமும் மூணு மூணு. ஒண்ணைப் படுக்க வெச்சா மத்தது ஆறு."

இது எனக்கு உடனே புரிந்தது. கணக்கு எனக்கு வரும். கணக்கு வந்தும் காரணம் வரவில்லை, அதுதான் வேதனை. ஆறு அங்குல நிலைச்சட்டத் துண்டு ஒன்றை நுனிக்குக் கீழே முட்டுக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல வளைந்த பிளைவுட் ஒன்றைப் புதிதாக வெட்டினேன். கோணலை எவ்வளவு துல்லியமாகச் செய்ய வேண்டியிருக்கிறது! ஒரு நூல் பிசகினாலும் கூடாது என்றார். நேராகச் செய்வதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லை. ஒட்டி, காய வைத்து, கிழிந்த காகிதத்தின் மேல் வேறு காகிதம் ஒட்டினேன். மதியச் சாப்பாட்டை இருவரும் அங்கேயே சாப்பிட்டோம். அவருக்குச் சாதம் சிந்தியது. நான் விமானத்தைப் பார்க்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு மறுபடி அதே வயல். உடைந்த காத்தாடிக்குப் பதிலாக அவரிடம் இன்னொன்று இருந்தது. ரப்பர் வளையம் போட்டதும் பார்த்தேன். றெக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற காக்கை மாதிரி இருந்தது. என் பட்டறையிலிருந்து இப்படி ஒரு பொருள் வெளியே போவதை யாரும் பார்க்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஓடினேன், விட்டேன்.

ஏறியது. அவர் குச்சியை லேசாகத் தள்ளினார். விமானம் சாய்ந்தது. விழப்போகிறது என்று பிடிக்க இரண்டடி முன்னால் ஓடினேன். விழவில்லை. சாய்ந்தபடியே கரும்புத் தோட்டத்தின் மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, எங்களை நோக்கி வந்து, தானாக நிமிர்ந்துகொண்டது. அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. விமானம் நடுங்கவில்லை. எப்படி? அதுவும் எனக்குப் புரியவில்லை. நாலு சுற்று வந்தது. வெயில் காகிதத்தின் வழியாக ஊடுருவி உள்ளே இருந்த துண்டுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அத்தனையும் நான் வெட்டியது.

மெதுவாக இறக்கித் தாளின் மேல் படுக்க வைத்தார்.

"இன்னொரு தடவை விடலாமுங்களே. பேட்டரி இருக்குதுல்ல?"

"போதும் மேஸ்திரி."

"நல்லா இருந்துதுங்களா?"

"திரும்புச்சு, பாத்தீங்கல்ல?" என்றார். அவ்வளவுதான். அது எனக்குப் பாராட்டா, விமானத்துக்குப் பாராட்டா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காரில் வைக்கும்போது வேறு தொல்லை. காலையில் பின் சீட்டில் சமர்த்தாகப் படுத்திருந்த இறக்கை இப்போது எப்படி வைத்தாலும் ஆடியது. அவர் முன் சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நுனியும் அவர் முகத்துக்கு இரு பக்கமும் தூக்கி நின்றன. ஒரு நுனி என் காதை உரசிக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைகிற சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் எட்டிப் பார்த்து, "விமானமா சார்? நடுவுல மடிஞ்சு போச்சே, விழுந்துடுச்சா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? இவர்தான் செஞ்சார், இவரையே கேளுங்க" என்றார் ரயில்வேக்காரர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். மூக்கு திரும்பும், ஒரு பக்கம் காற்றை வாங்கும், சாயும் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. "அது அப்படித்தானுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, பச்சை விளக்கு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.