செலவில்லா மாதம்

“பால் கவர்ல மட்டும் கை வெச்சீங்கன்னா, அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன், ஆமா!”

கணவருக்குத்தான் இந்த அர்ச்சனை. ஹேமாவதி தலையைக்கூடத் தூக்கவில்லை. சமையல் மேடையில் உறைகளை வரிசையாகப் பரப்பி, நேற்று மாவு விற்ற காசைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அரிசிக்கு ஒன்று, உளுந்துக்கு ஒன்று, வாடகை, கரண்ட், கேஸ், பால். எல்லாம் கல்யாணப் பத்திரிகைகளோடு வந்த உறைகள். மூலையில் பூசிய மஞ்சள்கூட இன்னும் போகவில்லை. அந்தக் கல்யாணங்கள் எதற்கும் அவர் போனதில்லை, உறைகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார். பால் உறையிலிருந்து இருபது ரூபாய் உருவி டீ குடிக்கப் பார்த்த சிவகுமார், கையை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவினார்.

செம்பாக்கத்தில் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் ஹேமாவதி, மாடியில் நான். கிரைண்டர் சத்தம்தான் எனக்கு அலாரம். காலையில் பாத்திரத்தோடு இறங்கிப் போனால் இந்த உறைப் பூஜை முடிகிறவரை நிற்கத்தான் வேண்டும். நடுவில் பேசினால் கணக்கு விட்டுப்போகும் என்று கையைக் காட்டி அடக்கிவிடுவார். முடித்ததும் ஃபோனை எடுத்து எல்லாவற்றையும் ‘நிம்மதி’ என்ற செயலியில் ஏற்றுவார். கறிவேப்பிலைக்குக் கொடுத்த ஐந்து ரூபாய்கூடத் தப்பாது. திரையில் அவர் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்று எரியும். கீழே ‘கடனற்ற குடும்பம்’ என்று எழுதியிருக்கும்.

“இந்தப் பச்சைக்கு நான் பட்ட பாடு நாய்கூடப் பட்டிருக்காது சார்.”

பொய்யில்லை. ஒரகடத்துக் கம்பெனியில் சிவகுமாருக்கு வேலை போனபோது ஆரம்பித்தது. ஒரு கார்டுக் கடனை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க மகளிர் குழு லோன், அதற்கும் மேலே ஃபோனிலேயே கிடைக்கிற கடன். வசூலுக்கு வந்தவன் ஒருவன் காலை வேளையாகப் பார்த்து வாசல் கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். “மாவு வாங்க வர்றவங்க காதுல உழற மாதிரி, ‘இன்னாம்மா, அவங்களுக்கு மட்டும்தான் குடுப்பியா, எனக்கு எப்போ?’ம்பான் சார். அப்டியே பூமி பொளக்காதான்னு இருக்கும்.” இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் கண் கேட்டுப் பக்கம் போய்விட்டு வரும்.

அந்த நாளில்தான் மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த ‘நிம்மதி’ வகுப்பில் சேர்ந்தார். கடனை ஒழிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு, கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துப் போனார். பயிற்சியாளர் பாலகுரு, சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு, “சென்டிமென்ட்தாங்க மிடில் கிளாஸோட பெரிய லீக்கேஜ்! அடைங்க!” என்று கத்தினார். கூட்டம் மொத்தமும், “அடைப்போம்!” என்று பதில் கத்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹேமாவதி முன்வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரை முழுக்கத் திட்டவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். சொல்லிக்கொடுத்தது பலித்தது. கார் போயிற்று, கேபிள் போயிற்று. தாம்பரம் சந்தைக்கு நடந்தே போய் உளுந்து மூட்டை பேரம் பேசினார். கிரைண்டர் கழுவுகிற தண்ணீரில் ஒட்டியிருக்கும் மாவைக்கூட விடாமல் ஒரு தோசை ஊற்றிவிடுவார். சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொரு கடனாகக் கழுத்தைத் திருகினார். வசூல்காரன் கடைசித் தவணை வாங்க வந்தபோது அவன் உட்கார்ந்த நாற்காலியை அவன் கண்முன்னாலேயே கழுவிவிட்டார். நான் மாடியில் நின்று விசில் அடிக்காத குறை.

இடையில் வந்ததுதான் அந்தச் செலவில்லா மாதம். சாப்பாடு, வாடகை, தவணை தவிர ஒரு பைசா வெளியே போகக் கூடாது. ஒரு நாள் உடைந்தாலும் மாதமே உடைந்த கணக்கு. முழுதாக முடித்தவர்களைப் பயிற்சியாளரோடு நிற்கவைத்துப் படம் எடுத்துப் போடுவார்கள்.

அந்த மாதம் பார்த்துத்தான் படப்பையிலிருந்து அண்ணன் சக்திவேல் வந்தார். மகள் ஜீவிதாவுக்கு மஞ்சள் நீராட்டு. ஹேமாவதியின் மகள் தேவதர்ஷினி பெரியவளானபோது, தாய்மாமன் சீர் என்று மேளத்தோடு தட்டு சுமந்து வந்து, தங்கச் சங்கிலி போட்டு, கடைசி அண்டா கழுவுகிறவரை இருந்துவிட்டுப் போன மனிதர் அவர். இப்போது அத்தை சீர் வைக்க வேண்டியது ஹேமாவதியின் முறை. தங்கையின் நிலைமை அவருக்குத் தெரியும். அதனால் பத்திரிகையை நீட்டியபோதே சொல்லிவிட்டார். நான் மாவுக்கு நின்றுகொண்டிருந்தேன், என் காதில் விழுந்தது.

“பவுனு கிவுனுன்னு மனசப் போட்டு ஒழப்பிக்காத ஹேமா. ஒரு மொழம் பூ வாங்கிக்கினு வந்து நில்லு. அது போதும் எனக்கு.”

அவர் போனதும் சிவகுமார், “பஸ்ஸுக்கும் பூவுக்கும் நான் யார்கிட்டயாவது வாங்கறேன், போய்ட்டு வந்துடலாம்” என்றார். ஹேமாவதி செயலியில் போட்டுப் பார்த்தார். சிவப்பு வந்தது. வகுப்பின் வாட்ஸப் குழுவில் கேட்டார். பாலகுருவிடமிருந்து பதில் வந்தது: “உங்க அண்ணனா உங்க தவணையைக் கட்டப் போறாரு?” அவ்வளவுதான். மகளுக்கு ஜுரம் என்று ஃபோனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். மாதம் முடிந்த மறுநாள் அண்ணனுக்கு ஃபோனிலேயே ஐந்நூறு ரூபாய் அனுப்பினார்.

மொய்யென்றால் மேலே ஒரு ரூபாய் வைத்துக் கொடுப்பதுதானே நம் பக்கத்து வழக்கம்? வட்டமாகக் கொடுத்தால் உறவு அதோடு முடிந்தது என்று அர்த்தமாகிவிடும் என்பார்கள். “ஐந்நூத்தி ஒண்ணா அனுப்பலையா?” என்று கேட்டேன்.

“ரவுண்டா இருந்தா கணக்கு ஈஸி சார்” என்றார். இத்தனை கற்றுக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே.

அந்த மாதப் படம் இன்னும் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் போஸ்டராக ஒட்டியிருக்கிறது. பாலகுருவின் கோட்டுக்குப் பக்கத்தில், வெறுங்காதோடு ஹேமாவதி சிரிக்கிறார்.

இந்தத் தை மாதம் சேலையூர் மண்டபத்தில் தேவதர்ஷினிக்குக் கல்யாணம். ஒரு ரூபாய் கடன் இல்லை. மேளக்காரரிலிருந்து சமையல்காரர்வரை எல்லாருக்கும் அன்றன்றே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒரு கல்யாணத்தை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பத்திரிகை வைக்கப் படப்பைக்குத் தம்பதியாகப் போயிருந்தார்கள். சக்திவேல் தட்டை வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து, “பாக்கலாம்மா” என்றாராம்.

முகூர்த்தத்துக்கு முன்னால், “தாய்மாமனைக் கூப்பிடுங்கோ, பொண்ணுக்குப் பட்டம் கட்டணும்” என்றார் ஐயர். பெண்ணின் நெற்றியில் அந்தப் பட்டத்தைக் கட்டும் உரிமை தாய்மாமன் ஒருவனுக்குத்தான். மேளம் நின்றது. ஹேமாவதி மேடையில் நின்றபடியே வாசலைப் பார்த்தார். மணப்பெண்ணும் பார்த்தாள். ஐயர் மறுபடி கூப்பிட்டார். அப்போது ஹேமாவதியின் இடுப்புப் பர்ஸில் ஃபோன் டிங்கென்றது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். கூட்டத்தில் ஹேமாவதிக்குத் தம்பி முறை ஆகும் யாரோ ஒருவரைப் பிடித்துவந்து பட்டத்தைக் கட்டவைத்தார்கள். அவருக்கு முடிச்சே போடத் தெரியவில்லை. கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை போட்டோம், சாப்பிட்டோம். பாயசத்தை நான் இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

பந்தி முடிந்த பிறகு, கேட்காமலேயே ஃபோனை என்னிடம் நீட்டினார். சக்திவேலிடமிருந்து ஐந்நூறு ரூபாய். வட்டமாக.

“கரெக்டாத்தான் குடுத்துக்கீறாரு சார். நான் இன்னா குடுத்தனோ, அதான். அதுக்கு மேல கேக்க எனக்கு இன்னா யோக்யத கீது?”

பிறகு மண்டபத்துக்காரர் பாக்கியைக் கேட்டு வந்தார். உறையை எடுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு எத்தனையோ முறை ஃபோன் செய்தாகிவிட்டது. மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. நேரில் போனால், கடைக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்று அண்ணி வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாராம். “தண்ணி வேணுமான்னு கூடக் கேக்கல சார் எங்கண்ணி.”

இன்று காலை உறைகளெல்லாம் நிரம்பியதும் ஹேமாவதி ஃபோனை எடுத்தார். வழக்கம்போலக் கறிவேப்பிலைக் கணக்கு ஏற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். சக்திவேல் பெயரைத் தேடி எடுத்து, ஒரு ரூபாய் அனுப்பினார். ஒரே ஒரு ரூபாய். உடனே செயலி, இது என்ன செலவு என்று கேட்டு ஒரு பட்டியலைக் காட்டியது. அன்பளிப்பு, அநாவசியம், இதர வகை என்று விரல் கீழே கீழே போயிற்று. ‘கடன்’ என்ற இடத்தில் நின்று அழுத்தினார்.

படத்தைச் சுற்றியிருந்த பச்சை வளையம் அணைந்தது. ஹேமாவதி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பாத்திரத்தை வாங்கக் கையை நீட்டினார்.