நைனாவுக்கு வந்த வாக்குத்தத்தம்

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்பது இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. தட்டில் கவிழ்த்துப் போட்ட அட்டைகளில் ஒன்றை எடுத்தால், அதிலுள்ள வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குச் சொன்னது. எங்கள் சபையில் வீட்டின் கடைக்குட்டிதான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். எழுபதுகளில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு தடவை எடுத்ததோடு என் ஆசை தீர்ந்துவிட்டது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். நைனா அங்கே ஜல்லி சுமந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதைத் தவிர ஜெபத்தில் அவர் வேறெதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு வரவேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வருஷம் நான் எடுத்த அட்டையில், உள்ளதே போதுமென்று இருக்கச் சொல்லி ஒரு வசனம் இருந்தது. கோவிலுக்கு வெளியே வந்து எழுத்துக்கூட்டிப் படித்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. அணுமின் நிலையத்துக் குமாஸ்தா வீட்டுப் பெண் என் கூட்டாளி. அவள் அட்டையில் ஆண்டவர் நிலம் தருவதாக இருந்தது. அவர்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ் இருக்கிறதே, நிலம் எதற்கு? ஒரு கை இலந்தைப்பழத்துக்கு அவள் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தாள். தீப்பெட்டிப் படம் மாற்றுகிற மாதிரிதான் அதையும் நினைத்தேன்.

நைனா அட்டையை வாங்கி மெதுவாக வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதத்துக்குள், மாமல்லபுரம் சாலையில் சவுக்குத் தோப்பைத் தாண்டி அரை ஏக்கர் விலைக்கு வருவதாக ஓர் ஆள் வந்து சொன்னான். பசு போயிற்று, அம்மாவின் கம்மல் போயிற்று. ஊர் நிலக்கணக்கு வைத்திருக்கும் கர்ணத்திடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பணம் கொடுக்கலாமே என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

“ஆண்டவரே சொல்லிக்கீறாரு. கர்ணத்தை இன்னாத்துக்குக் கேக்கணும்?” என்றார் நைனா.

வேர்க்கடலை விதைத்து அது பூக்கிற நேரத்தில், சங்கிலி போட்டு அளக்கிறவர்கள் வந்தார்கள். அது புறம்போக்கு, யாரும் யாருக்கும் விற்க முடியாது என்றார்கள். விற்றவனைத் தேடி நைனா செங்கல்பட்டுக்கு மூன்று தடவை போய்வந்தார். ஆள் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் கோவிலுக்குப் போகவில்லை. குடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. சாயங்காலம் அம்மா ஜெபத்துக்கு உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார், அவ்வளவுதான். பேச்சே குறைந்துவிட்டது. எல்லாம் என்னால் வந்தது, வேறு வீட்டுக்குக் கொடுத்த வரத்தை நான் தட்டிப் பறித்துக்கொண்டு வந்ததால்தான் அது நிலைக்கவில்லை என்று எனக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் தங்கிவிட்டேன். நைனா ஜல்லிக்கூடையின் பிய்ந்த விளிம்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நைனா, அது நம்ம அட்டை இல்ல. நான்தான் மாத்திகினு வந்தேன்.”

கை நின்றது. நம்முடையதில் என்ன போட்டிருந்தது என்று கேட்டார். சொன்னேன்.

“அப்போ, நெலம் தரேன்னு அவரு நம்மகிட்ட சொல்லவே இல்ல.”

“இல்ல நைனா.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் தலையிலிருந்து சுமை இறக்கிய மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து முகம் கழுவினார். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பிரசங்கம் பாதி முடிந்திருக்கும் என்று தெரிந்தும், என் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தார்.

நைனா என்னை மன்னித்துவிட்டார் என்று நெடுங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன். பசுவும் கம்மலும் போன பிறகு, தன்னை ஏமாற்றியது ஆண்டவர் இல்லை, பெற்ற மகள்தான் என்று தெரிவதில் ஒரு மனுஷனுக்கு எத்தனை ஆறுதல் இருக்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.