பாட்டில்லாத ஆல்பம்

டெக்சஸ் மாநிலத்தின் போமாண்ட் ஊரில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டர் வேலை பார்க்கிறவன் ஆல்சிட். சனிக்கிழமைகளில் ஆற்றங்கரை மதுக்கடையில் கிட்டார் வாசிப்பான். பாடுவது அவன் மனைவி வெர்லீன். நான் டிரம்ஸ். ப்ளூஸில் தொடங்கி, ஜாஸில் அலைந்து, ராக்கில் போய் விழுவோம். எங்கே தொலைந்தாலும் வெர்லீனின் குரல் எங்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிடும்.

அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் கழுத்தில் ஒரு சிறு கருவியை அழுத்தித்தான் பேசினாள். ஏற்ற இறக்கமே இல்லாத இயந்திரக் குரல்.

ஆல்சிட் வேறு பாடகியைத் தேடவில்லை. கிட்டாரையும் என் டிரம்ஸையும் மட்டும் வைத்து ஓர் ஆல்பம் போடுவதாகச் சொன்னான். ஒலிப்பதிவு செய்யும் ஹாலிஸ் சிரித்தான்.

“பாட்டே இல்லாம எவன்யா வாங்குவான்? லிஃப்டுல போடத்தான் லாயக்கு.”

“போடட்டும். லிஃப்டுல போறவனும் மனுஷன்தானே.”

வெர்லீன் பாடிய மெட்டுகளையே ஆல்சிட் வாசித்தான். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினான். அவள் வேண்டுமென்றே தாளத்துக்குப் பிந்தி வரும் இடத்தில் பிந்தினான். கம்பியை இழுத்து, அவள் குரலின் கரகரப்பைக்கூடக் கொண்டுவந்துவிட்டான்.

மகிழ்வாள் என்று நினைத்து ஒருநாள் அவளை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்தான். கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வெளியே போனாள். நாங்களும் பின்னால் போனோம். காரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“என்ன வெர்லீன், நல்லா இல்லையா?” என்றான் ஆல்சிட்.

அவள் கருவியைக் கழுத்தில் வைத்தாள். “நல்லாத்தான் இருக்கு. டாக்டர் எடுத்தது போக மிச்சமிருந்தத நீ எடுத்துக்கிட்ட.”

“உனக்காகத்தான் வாசிச்சேன்.”

“என்னைக் கேட்டியா?”

ஆல்சிட் உள்ளே வந்து ஹாலிஸிடம் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னான்.

“பைத்தியமாடா உனக்கு? இந்த ஆல்பத்துக்கு உசிரே அவ பாட்டுதான்.”

“அவ உசிரு. அழிச்சிடு.”

அவள் பாடியே இராத புது மெட்டுகளை உருவாக்கி, மறுபடி பதிவுசெய்தோம். ஒவ்வொரு முறையும் அவள் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பாதியில் எழுந்து போகவில்லை. ஆல்பம் வெளிவந்தபோது, கைத்திறமை உண்டு, மனம் இல்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ஆல்சிட் அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அடுத்த வசந்தத்தில் நோய் திரும்பி வந்து வெர்லீன் இறந்துபோனாள்.

மதுக்கடையில் இன்றும் யாராவது அவள் பாட்டை வாசிக்கச் சொல்வார்கள். “எனக்குத் தெரியாது” என்பான் ஆல்சிட். இப்போதெல்லாம் சில சனிக்கிழமைகளில் அவன் வருவதே இல்லை. வேறு கிட்டார்காரனைத் தேடும்படி கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் யாரையும் கேட்கவில்லை.