சாமந்தி மாலை போட்ட கம்ப்யூட்டர்

இந்தக் கம்ப்யூட்டர் புதிய வெர்ஷனுக்குத் தகுதியானதல்ல என்று திரையில் வந்தபோது, என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி சுருக்கென்றது. மும்பை செம்பூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. தசரா காலைக்குள் புது வெர்ஷன் இல்லையென்றால் லாகின் கிடையாது என்று மெயில் வந்திருந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒருமுறை போன லாகின் திரும்பி வராது. புதுக் கம்ப்யூட்டருக்கும் வழியில்லை. மனைவியிடம், "ஏதோ அப்டேட்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

வீடியோக்களைப் பார்த்து ஒரு குறுக்குவழியைப் பிடித்து, ஆயுத பூஜையன்று காலையில் இன்ஸ்டாலை ஆரம்பித்தேன். பழைய டிஸ்க், மாட்டுவண்டி வேகம். பூஜை நேரம் வந்தும் பாதிதான் முடிந்திருந்தது.

"அது பாட்டுக்கு ஓடட்டும். ஆனா பூஜை ஆனப்புறம் யாரும் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்," என்றாள் மனைவி. வருஷா வருஷம் இதே சட்டம்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், தாதர் மார்க்கெட்டில் வாங்கிய சாமந்தி மாலை. கற்பூரம் காட்டியபோது நான் கும்பிட்டது திரையில் நகர மறுத்த சதவீதத்தைத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது பெட்டிக்குள் ஃபேன் சத்தம் மாறியது. ஓடிவந்தால் திரை கருப்பு. மாலை சரிந்து காற்றுத் துளைகளை அடைத்திருந்தது. சூடு தாங்காமல் பெட்டி அணைந்துவிட்டது. நடுவில் அணைந்தால் எல்லாம் போச்சு என்று வீடியோக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது. அவளைத் திட்டத்தான் திரும்பினேன்; அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

"போகலாம்," என்றேன்.

அவள் மாலையை எடுத்துச் சுவாமி படத்துக்குப் போட்டாள். பல்குச்சியால் துளைகளிலிருந்து இதழ்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். சூடு ஆறும்வரை விசிறினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டத்தை ஒருமுறைகூடத் தளர்த்தாதவள் அவள்.

"நீங்க தொடாதேங்கோ. பாவம் வந்தா என்னோட போகட்டும்," என்று சொல்லி, சந்தனம் காய்ந்திருந்த பொத்தானைத் தானே அழுத்தினாள்.

ஃபேன் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்து, விட்ட இடத்திலிருந்து இன்ஸ்டால் தொடர்ந்தது. அதை அவள் பார்க்கவில்லை. சரஸ்வதி படத்தின் பக்கம் திரும்பி, படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.