சொந்தத்துக்குப் பொருத்தம் பார்ப்பதில்லை

வசுமதி என் மூத்த பெண். செங்கல்பட்டில் டாக்டருக்குப் படித்தாள். பிறகு வடக்கே போய் மரபணு என்று இன்னொரு படிப்பும் முடித்து, தொண்ணூற்றாறில் திரும்பி வந்தாள். ஊசி போட மாட்டாள். தாத்தா யாரு, பாட்டி யாரு, சொந்தத்திலா கட்டினீர்கள் என்று கேட்டு ரத்தம் எடுப்பாள். என் அண்ணன் தர்மராஜ் அவளை 'ரத்த ஜோசியக்காரி' என்றுதான் கூப்பிடுவார். அவளும் சிரிப்பாள்.

ஆனால் வாய் இரும்புப் பூட்டு. மருமகள் ரத்தத்தில் என்ன என்று மாமியார்கள் கேட்டால் சொல்ல மாட்டாள். அவர்களும் அவளைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறுவார்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஒரு பெரிய மனிதர் கேட்டு வந்தபோது, கார்வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

என் மகன் சம்பத்துக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததும், அண்ணன் மகள் ஜோதிலட்சுமியைப் பேசினோம். சொந்தத்துக்குப் பொருத்தம் பார்ப்பதில்லை, எங்களில் அப்படித்தான். ஜாதகத்தை எடுக்கவே இல்லை.

"பத்துப் பொருத்தமும் வேணாம்மா. ரெண்டு பேரும் ரத்தம் மட்டும் பாத்துக்கட்டும்" என்றாள் வசுமதி.

"இன்னாடி, மாமன் வூட்டு ரத்தத்துக்கே நொட்டை சொல்றியா?"

"எல்லாருக்கும் சொல்றதத்தான் உனக்கும் சொல்றேன்."

மாமல்லபுரத்தில் அண்ணன் வீட்டில் நிச்சயம். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் ஜோதி எழுந்து நின்றாள்.

"அத்தே, தட்ட கீழ வை. என் ரத்தத்துல ஒரு கோளாறு கீது. எனக்கு ஒண்ணும் ஆவாது. சம்பத் மாமாவுக்கும் அது இருந்துச்சுன்னா, பொறக்கிற புள்ளைக்கு ரத்தம் ஊறாம போவலாம். மாசாமாசம் ஏத்திக்கினே இருக்கணும். வசுக்கா எப்பவோ பாத்து சொல்லிச்சு. நான்தான் யார்கிட்டயும் சொல்லாதன்னேன்."

தட்டு ஆடி வெற்றிலை சரிந்தது. பெற்ற அப்பனுக்கே தெரியாது போலிருக்கிறது, அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ, ஜோதி சொன்னதைவிட வசுமதி சொல்லாததுதான் இடி. என் சோற்றைத் தின்றுகொண்டு, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு!

"கூடப்பொறந்தவன் கிணத்துல விழப் போறான், நீ பாத்துகினு நின்னியேடி!"

அவள் முகம் வெளுத்திருந்தது. "அது ஜோதியோடதும்மா. நான் சொல்லக் கூடாது. நீயே சொல்லிடுன்னு அவகிட்டதான் தினம் கெஞ்சினேன்."

சம்பத் ரத்தம் கொடுத்தான். வீட்டு ரத்தத்தைத் தான் பார்க்க மாட்டேன் என்று சென்னையில் வேறொரு டாக்டரம்மாவிடம் அவனை அனுப்பினாள் வசுமதி. முடிவைக் கேட்டேன். "ஜோதிக்கு சொல்லிட்டேன்" என்றான், அதோடு சரி.

விடுவேனா? நானும் போய்க் கையை நீட்டினேன். என் ரத்தத்தை வைத்து அவன் ரத்தத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மட்டும் சொன்னார். வெளியே வசுமதி நின்றிருந்தாள். என்னிடம் இருந்தால் அவளிடமும் இருக்கலாம். கேட்பாள் என்று பார்த்தேன்.

"டீ குடிக்கிறியாம்மா?" என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது, ரயில் ஊரப்பாக்கம் தாண்டியதும், கூட வந்த அண்ணன் ஆரம்பித்தார். "இன்னாதான் சொன்னாங்க, சொல்லேன்."

"அது என்னோடது அண்ணாத்த" என்றேன். சொன்ன பிறகு என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இருவரும் தெரிந்துதான் கட்டிக்கொண்டார்கள். என்ன தெரிந்து என்று என்னைக் கேட்காதீர்கள். வசுமதி மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.