உயிரோடிருப்பவருக்கு ஒரு கல்வெட்டு

ஒருவர் காலமான முப்பத்தோராம் நாள் வீட்டில் படிக்கப்படும் நினைவுப் பாடல்களை எங்கள் பகுதியில் கல்வெட்டு என்போம். நாவற்குடாவிலிருந்து செங்கலடி வரை, படித்த குடும்பங்கள் அதற்காக என்னை நாடி வருவதே நெடுங்கால வழக்கம். கல்லூரி அதிபராக ஓய்வு பெற்றவன் நான். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என எவருடைய துயரத்தையும் யாப்புப் பிழையின்றிப் பாடிக் கொடுத்திருக்கிறேன். அச்சுக்குப் போனபின் ஒரு சொல்லையும் மாற்ற நேர்ந்ததில்லை.

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், பின்னாளில் தபாலதிபராகிய என் நண்பர். அவர் ஒருநாள் வந்து தமக்கொரு கல்வெட்டு வேண்டும் என்றார்.

"செத்தாப் பிறகு நீ எழுதுறத நான் எப்பிடி மச்சான் வாசிக்கிற? இப்பவே எழுதிக் காட்டு."

வேடிக்கையாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத்து வரவில்லை. காலையில் நீராடியதும் மேசையில் அமர்ந்தேன். வாவிக்கரையில் நடந்து திரும்பிய சூட்டோடு எழுதிப் பார்த்தேன். கை பழகட்டும் என்று என் பழைய பாடல்களையே படியெடுத்தேன். தொடக்கத்தை விட்டு, மருமக்கள் புலம்பலிலிருந்து ஆரம்பித்தேன். அரைப் பாடல் தேறினாலும் அவர் எதிர் நாற்காலியில் வந்தமர்ந்து திருத்தம் சொல்வார். "பேரப்பிள்ளையள் இன்னும் கொஞ்சம் கூட அழட்டும் கா" என்பார். இறந்தவர்கள் எவரும் என்னிடம் திருத்தம் கேட்டதில்லை.

நாளடைவில் மற்றவர்களுக்கான பாடல்களும் நின்றுபோயின. கல்வெட்டுக் கேட்டு வந்த ஒரு குடும்பத்தைக் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். உண்மையை நண்பரிடம் மட்டும் சொன்னேன். வெளியே போகக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். ஆரிட்டயும் வாய் திறக்கமாட்டேன் என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார்.

சில வாரங்களின் பின் ஒரு முப்பத்தோராம் நாள் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நண்பர் சட்டைப் பையிலிருந்து அச்சிட்ட தாளொன்றை எடுத்து உரக்கப் படித்தார். அது அவருடைய கல்வெட்டு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து இளம் விரிவுரையாளர் ஒருவர் எழுதிக் கொடுத்ததாம். மருமக்கள் புலம்பல் வந்ததும், இந்த மருமகள் இத்தனை இனிமையாக ஒருநாளும் பேசியதில்லையே என்று யாரோ சொல்ல, பந்தியே சிரித்தது. ஏன் அதிபர் சேரிடம், அதாவது என்னிடம், கேட்கவில்லை என்று ஒருவர் வினவினார். நான் இரண்டு இலை தள்ளித்தான் இருந்தேன்.

"சேருக்கு எழுத்து வத்திட்டு. ஒரு வரியும் வருகுதில்ல. பாவம், அவரே என்னட்டச் சொன்னவர்."

தயிர் பரிமாறியவர்கூட என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் உண்டு முடித்து, கைகழுவிப் புறப்பட்டேன். நண்பர் வாசற்படலைவரை பின்னால் வந்தார்.

"கோவிக்காத மச்சான். ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுற?"

நான் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

அதன்பின் கல்வெட்டுக்கென்று எவரும் என் வீட்டுக்கு வரவில்லை, அவரும் வரவில்லை. எதிர் நாற்காலி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் காலை முதல் வரியை எழுதினேன். அடுத்த வரிக்குக் காத்திருக்க நேரவில்லை.

என் எழுத்து வற்றிவிட்டதென்று இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. அவருடைய கல்வெட்டு, நண்பர் புலம்பல் உட்பட, எழுதி முடிக்கப்பட்டு என்னிடம் இருக்கிறது.