போன் வீட்டில் சிக்னல் இல்லை

அந்தத் தெருவில் முதன்முதலாகத் தொலைபேசி வந்தது தையல்காரம்மா வீட்டுக்குத்தான். யாருக்கு அழைப்பு வந்தாலும் தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூப்பிட்டு வருவார். வீட்டுக்கே 'போன் வீடு' என்று பேராகிவிட்டது. மாடி காலியானால் போதும், வாடகைக்குக் கேட்டு ஆள் மேல் ஆள் வந்து நிற்கும்.

கணவர் போய்ச் சேர்ந்தார். எல்லார் சட்டைப் பையிலும் போன் வந்தது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பி வீட்டை நடுவில் நெருக்கின. அப்புறம்தான் பிடித்தது சனி. மாடியைப் பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கடைசியில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அறை அறையாக நடப்பார்கள். "யோசிச்சு சொல்றோம்மா" என்று படியிறங்கினால் இறங்கினதுதான்.

அவருக்கோ ஊசியில் நூல் கோப்பதே பெரும்பாடாகியிருந்தது. வாடகையை விட்டால் வேறு வழியில்லை. பக்கத்து அடுக்குமாடிக்காரர் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டார். "தள்ளிவிட்டுட்டு எங்ககூட வந்துரும்மா" என்றான் மகன். தையல்காரம்மா பிடி கொடுக்கவில்லை. ஆனால் தூக்கம் போயிற்று.

மருமகள்தான் ஒருநாள் சொன்னாள்: "அத்தை, இன்டர்நெட் லைன் இழுத்து ஒரு வைஃபை பெட்டி மாட்டிடுங்க. சிக்னல் இல்லாட்டியும் அதுலயே பேசலாம்."

மாட்டியாயிற்று. அடுத்து வந்தவள் இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ். அவளும் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தையல்காரம்மா முந்திக்கொண்டார். "சிக்னல் வராதும்மா, மறைச்சு என்ன ஆகப்போகுது. வைஃபை இருக்கு. இந்தச் சுவிட்சை அணைச்சா அதுவும் போயிடும்."

"அப்போ யாராலயும் என்னைக் கூப்பிட முடியாதா?"

"முடியாது."

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பகல்லதான் நான் தூங்கணும். போனை அணைச்சு வச்சா, ஏன் அணைச்சேன்னு வீட்ல சண்டை. இங்கன்னா பழியை இந்த வீட்டு மேல போட்டுடலாம். நாளைக்கே வந்துடவா?"

தையல்காரம்மாவுக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது. மகனைக் கூப்பிட்டு, "வீட்டை விக்கிற பேச்சே வேண்டாம்டா" என்றார்.

"சரிம்மா, உன் இஷ்டம்" என்று அவன் சட்டென்று ஒத்துக்கொண்டான். தங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் அம்மாவை எங்கே படுக்க வைப்பது என்று அவனும் அவன் மனைவியும் முழி பிதுங்கிக்கொண்டிருந்தது தையல்காரம்மாவுக்குத் தெரியாது.